போரில் மாண்டார் பதக்கங்கள்

பழம்பொருள்களைத் தேடித் தொகுக்கும் விருப்பம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவி வருவதொன்று. நாணயம் தொகுப்போர் உளர். முத்திரை தொகுப்போர் உளர். ஏட்டுச்சுவடி தொகுப்போரும் உளர். இங்கிலாந்திலும் ஆங்கிலேயர் சென்று குடியேறிய பிற நாடுகளிலும் போர்ப்பதக்கம் தொகுப்போர் ஒரு தனி வகையினராய் விளங்குகின்றனர். அவருள்ளும் ஒரு சாரார், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்களில் உயிர்நீத்த பிரித்தானிய வீரர்க்கென வழங்கப்பட்ட பதக்கங்களையே சிறப்பாக நாடுவர். உரியவன் ஒருநாளேனும் அணிந்தறியாத பதக்கத்துக்கு இத்துணை மதிப்பு எவ்வாறு ஏற்பட்டது? வரலாறு பயில்வோனுக்கு அஃது எதனைக் கூறும்? எதனைக் கூறாது? இவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படைவீரர் பெறும் பதக்கங்கள் இருவகைப்படும். ஒன்று, தனியொருவன் காட்டிய வீரத்துக்காக அளிக்கப்படுவது. விக்டோரியாச் சிலுவை இவ்வகையைச் சார்ந்தது. மற்றையது, ஒரு போரிற் பங்குகொண்டமைக்காக அப்படையினர் அனைவர்க்கும் அளிக்கப்படுவது. இதனையே ஈண்டுப் போர்ப்பதக்கம் என்கின்றோம். இது பெரும்பாலும் வெள்ளியாலானது. ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் விட்டமுடையது. முகப்பில் அரசரின் அல்லது அரசியின் தலையுருவமும் பின்புறத்தில் வெற்றியைக் குறிக்கும் ஓர் உருவமும் பொறிக்கப்பட்டிருக்கும். பதக்கத்தைத் தாங்கும் நாடாவின்மீது, வீரன் கலந்துகொண்ட சமரின் பெயர் தாங்கிய சிறு வெள்ளிப் பட்டைகள் ஒன்றன்மேலொன்றாய்ப் பொருத்தப்படும். இவற்றினும் முதன்மையானது பதக்கத்தின் விளிம்பாகும். வீரனுடைய பெயர், தரம், படைப்பிரிவு, பிற்காலத்தில் அவனது இலக்கம் என்பன ஆண்டே பொறிக்கப்பட்டன. முகப்பைப் பார்ப்போன் அரசரைக் காண்பான். விளிம்பைப் பார்ப்போனே வீரனைக் காண்பான்.

இம்முறை வாட்டர்லூப் போருடன் தொடங்கியது எனலாம். அதற்கு முன்னரே கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படையினர்க்குப் பதக்கம் வழங்கியிருந்தனர். 1799ஆம் ஆண்டிற் சீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியமைக்காக அவர்கள் அளித்த பதக்கம், உயர்ந்தோர்க்குப் பொன்னிலும் சிப்பாய்களுக்கு ஈயங்கலந்த வெள்ளீயத்திலுமாகத் தரத்துக்கேற்ப வேறுபட்டது. அதில் எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆம் நாள் நிகழ்ந்த வாட்டர்லூப் போருக்காகப் பிரித்தானிய அரசு வழங்கிய பதக்கமோ அனைவர்க்கும் ஒரே வெள்ளியில், ஒரே வடிவில் அமைந்தது. தளபதி வெலிங்டன் பெற்றதும் கடைநிலை வீரன் பெற்றதும் ஒன்றே. ஒவ்வொன்றின் விளிம்பிலும் உரியவன் பெயர் பொறியால் அழுத்தப்பட்டது. ஏறத்தாழ 39,000 பதக்கங்கள் இவ்வாறு ஆக்கப்பட்டன. போரில் வீழ்ந்தவனுக்குரிய பதக்கத்தை அவன் உறவினர்க்கு அனுப்பும் வழக்கமும் இப்போருடனேயே வேரூன்றிற்று.

ஆயினும் இவ்வழக்கம் முன்னைய போர்களில் மாண்டவர்க்குப் பயன்படவில்லை. நெப்போலியனை எதிர்த்து இசுபானியாவிலும் போர்த்துக்கலிலும் ஆண்டுக்கணக்காகப் போரிட்டோர்க்குப் பொதுவான பதக்கம் எதுவும் அக்காலத்தில் அளிக்கப்படவில்லை. நீண்டகால முறையீட்டின் பின், 1847ஆம் ஆண்டில், 1793 முதல் 1814 வரையுள்ள போர்களுக்கெனப் பொதுச்சேவைப் பதக்கம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இருபத்தொன்பது சமர்களுக்கு உரிய பட்டைகள் வகுக்கப்பட்டன. எனினும் அன்றளவும் உயிரோடிருந்து விண்ணப்பித்தோர்க்கே அது கிடைத்தது. 1811ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் நிகழ்ந்த அல்புவெராச் சமரில் 57ஆம் காலாட் படைப்பிரிவினருட் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தும் புண்பட்டும் வீழ்ந்தனர். ‘எளிதில் மடியாதார்’ எனப் பொருள்படும் பட்டப்பெயர் அப்பிரிவினர்க்கு வாய்த்தது அக்களத்திலேயே. ஆனால் அக்களத்தில் மடிந்தவருள் ஒருவர்க்கேனும் அல்புவெராப் பட்டையுடன் பதக்கம் இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் உயிர்வாழும் பேறு பெற்றோர்க்கே அச்சமரின் நினைவு வெள்ளியில் எழுதப்பட்டது. எனவே, பொதுச்சேவைப் பதக்கத்தைக் கையிலெடுக்கும் ஒருவன், அது பிழைத்தவன் பதக்கம் என்பதைத் தேடாமலே அறிந்துகொள்ளலாம்.

ஏனைய பதக்கங்கள் அத்தகையன அல்ல. கிறிமியாப் போர், பஞ்சாப் போர், ஆப்கானியப் போர், தென்னாபிரிக்கப் போர் முதலியவற்றுக்கான பதக்கங்கள் பிழைத்தோர்க்கும் மாண்டோர்தம் உறவினர்க்கும் ஒருங்கே வழங்கப்பட்டன. இவ்விரு திறத்தார் பதக்கங்களுக்கும் இடையே வடிவில் யாதொரு வேறுபாடும் இல்லை என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டிய உண்மை. முதலாம் உலகப்போரில் இறந்தோர் குடும்பங்களுக்கு, இறந்தவன் பெயர் பொறித்த வட்ட வெண்கலத் தகடு தனியே அளிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தகைய அடையாளம் எதுவும் இருக்கவில்லை. வீரன் வீடு திரும்பினானா, களத்திலே கிடந்தானா என்பதை அவன் பதக்கம் கூறாது. அதனைப் பிற சான்றுகளைக் கொண்டே தெளிதல் வேண்டும். இத்தெளிவைத் தேடும் முயற்சியே இத்தொகுப்புக் கலையின் உயிர்நாடியாகும்.

முதற் குறிப்பைப் பட்டைகளே தருவதுண்டு. 1848-49ஆம் ஆண்டுப் பஞ்சாப் போரை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய பதக்கத்தில் முல்தான், சில்லியன்வாலா, குஜ்ராத் என மூன்று பட்டைகள் உள. இங்குக் குறிக்கப்படும் குஜ்ராத் பஞ்சாப்பிலுள்ள ஒரு நகராகும். சில்லியன்வாலாச் சமர் 1849ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாளும், குஜ்ராத்துச் சமர் அடுத்த மாதம் 21ஆம் நாளும் நிகழ்ந்தன. முன்னையதிற் பங்குகொண்ட படைப்பிரிவுகள் பல பின்னையதிலும் பங்குகொண்டன. ஆதலின் அத்தகைய பிரிவைச் சேர்ந்த ஒருவன் பதக்கத்திற் சில்லியன்வாலாப் பட்டை மட்டுமே காணப்படின், ‘இவன் ஏன் குஜ்ராத்துக்குச் செல்லவில்லை?’ என்னும் வினா எழும். அவன் முதற் சமரில் இறந்திருக்கலாம்; புண்பட்டு மருத்துவ நிலையத்திற் கிடந்திருக்கலாம்; வேறு பணிக்கு அனுப்பப்பட்டிருக்கவுங்கூடும். சில்லியன்வாலாவில் 24ஆம் காலாட் படைப்பிரிவினர் மட்டுமே இருநூற்றுக்கு மேற்பட்டோரை இழந்தனர் என்பதை நினைவிற்கொள்ளின், அவ்வொற்றைப் பட்டை எழுப்பும் ஐயம் வலுவானது என்பது புலனாகும். எனினும் ஐயம் ஐயமே, முடிபு அன்று.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு இரண்டாம் ஆப்கானியப் போரிற் கிடைக்கின்றது. 1880ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள், கந்தகாருக்கு மேற்கேயுள்ள மைவாந்து என்னுமிடத்திற் பிரித்தானிய இந்தியப் படையொன்று பெருந்தோல்வியுற்றது. ஏறத்தாழ 2,500 பேர் கொண்ட அப்படையில் 950க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 66ஆம் காலாட் படைப்பிரிவு தன் வீரருள் 280க்கு மேற்பட்டோரை அங்கு இழந்தது. தோல்வியுற்ற களமாதலின் மைவாந்துக்கெனப் பட்டை எதுவும் வகுக்கப்படவில்லை. காபூல், கந்தகார், அலி மசூதி முதலிய பெயர் தாங்கிய பட்டைகளோடு கூடிய பதக்கங்களைப் பார்க்க, மைவாந்தில் மாண்டவன் பதக்கம் வெறுமையாய், அணியேதுமின்றி நிற்கும். அறியாதான் அதனை மதிப்பற்றதென ஒதுக்குவான். அறிந்தோனோ விளிம்பில் 66ஆம் பிரிவின் பெயரைக் கண்டவுடன் பதிவேட்டைப் புரட்டத் தொடங்குவான். வெற்றியை மட்டுமே எழுதும் வழக்கமுடைய அரசு எழுதாது விட்டதனை, விளிம்பிலுள்ள ஒரு பெயர் காட்டிக்கொடுக்கின்றது.

அப்பதிவேடுகள் யாவை என்பதை இனி நோக்குவாம். இலண்டன் மாநகரிற் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்திற் போர்ப்பதக்க இடாப்புகள் பேணப்பட்டு வருகின்றன. எவ்வெவர்க்கு எவ்வெப்பட்டைகளுடன் பதக்கம் வழங்கப்பட்டது என்பதை அவை படைப்பிரிவு வாரியாகக் கூறும். ‘இறந்தான்’, ‘களத்தில் கொல்லப்பட்டான்’, ‘நாணயசாலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது’ என்பன போன்ற குறிப்புகள் பெயருக்கு எதிரே காணப்படுதலும் உண்டு. உரிமை கோருவார் இல்லாத பதக்கங்கள் இவ்வாறு மீண்டும் நாணயசாலைக்கே சென்றன. இடாப்பையடுத்து நோக்கத்தக்கவை படைப்பிரிவின் சம்பளப் பதிவேடுகள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எழுதப்பட்ட இவை, ஒருவனுக்கு எந்நாள்வரை சம்பளம் கணக்கிடப்பட்டது என்பதையும், இறந்தவனாயின் பல வேளைகளில் அவன் பிறந்த ஊர், முன் செய்த தொழில், அவன் பொருளுக்குரிய உறவினர் என்பவற்றையும் கூறும். இவற்றோடு அரசின் செய்தி வெளியீடாகிய ‘இலண்டன் கசெற்’ அச்சிட்ட இழப்புப் பட்டியல்களையும் ஒப்பிடல் வேண்டும்.

இங்கே ஒரு செய்தி கருதற்பாலது. பணி முடித்து ஓய்வூதியம் பெற்ற வீரருடைய பணிப்பத்திரங்கள் பெருந்தொகையாக இன்றுவரை எஞ்சியுள்ளன. அவற்றில் வீரனுடைய உயரம், கண்ணின் நிறம், நடத்தை, பெற்ற புண்கள் ஆகிய யாவும் எழுதப்பட்டிருக்கும். பணியிலிருக்கும்போதே இறந்தவருடைய பத்திரங்களோ பொதுவாகப் பேணப்படவில்லை. ஓய்வூதியம் கோர அவன் வரப்போவதில்லை. ஆகவே அவன் தாள்களால் அரசுக்கு யாதொரு பயனும் இருக்கவில்லை. இதனால், பிழைத்தவனைப்பற்றி நாம் பலவற்றை அறிகின்றோம். இறந்தவனைப்பற்றி அறிவது சம்பளக் கணக்கின் ஒரு வரியும் பதக்கத்தின் விளிம்பும் தருமளவே.

கல்லறையாவது அவனுக்கு உண்டோ எனின், அதுவும் அரிது. அதிகாரிகளின் பெயர்கள் தேவாலயச் சுவர்களிற் பளிங்கில் எழுதப்பட்டன. சாதாரண வீரர் பெருங்குழிகளில் ஒன்றாகப் புதைக்கப்பட்டனர். 1879ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் தென்னாபிரிக்காவில் இசாந்தில்வானா மலையடிவாரத்திற் சூலு இனத்தார் பிரித்தானிய முகாமொன்றை முற்றாக அழித்தனர். பிரித்தானியர் பக்கத்தில் 1,300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் நாம் முன்னர்ச் சில்லியன்வாலாவிற் கண்ட அதே 24ஆம் படைப்பிரிவினர். அவர்களுடைய உடல்கள் ஐந்து மாதங்கள் வரை வெட்டவெளியிற் கிடந்தன. பின்னர் அவற்றைப் புதைக்கச் சென்றோரால் இன்னாருடைய உடல் இஃது எனப் பெரும்பாலும் அடையாளங் காண இயலவில்லை. வெள்ளை பூசிய கற்குவியல்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. அவற்றின் கீழ்க் கிடப்போர் யாவர் என்பதை அவை கூறா. பெயரறியாது கிடந்த அவ்வீரருள் ஒருவனுக்குரிய தென்னாபிரிக்கப் பதக்கத்தின் விளிம்பில் அவன் பெயர் மட்டும் தெளிவாய் நிற்கின்றது. நம் முன்னோர் நடுகல்லிற் பெயர் பொறித்ததனால் நிகழ்ந்த பயன், இவனுக்கு ஒரு வெள்ளி வட்டத்தின் ஓரத்தில் நிகழ்ந்தது.

இசாந்தில்வானாச் செய்தி பரவியவுடன், இலங்கையில் நிலைகொண்டிருந்த படைப்பிரிவொன்று விரைந்து நேட்டாலுக்கு அனுப்பப்பட்டது. அஃது அல்புவெராவிற் பெயர்பெற்ற அதே 57ஆம் பிரிவாகும். 1879ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் கிங்கின்ட்லோவு என்னுமிடத்தில் நிகழ்ந்த சமரில் அப்பிரிவினர் பங்குகொண்டனர். ஒரே படைப்பிரிவின் வரலாற்றில் இரு காலங்களை இங்கே ஒப்பிடலாம். அல்புவெராவில் மாண்ட நூற்றுக்கணக்கானோர் பதக்கமின்றி மறைந்தனர். அறுபத்தெட்டு ஆண்டுகளின் பின் சூலு நாட்டிற் போரிட்ட அப்பிரிவினர்க்கோ, மாண்டாலும் பெயர் பொறித்த பதக்கம் குடும்பத்துக்குச் செல்லும் என்னும் நிலை ஏற்பட்டிருந்தது. சாதாரண வீரனும் பெயருடைய மனிதனே என்னும் எண்ணம் ஆளுவோர் உள்ளத்தில் மெல்ல மெல்ல இடம்பெற்றதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, இக்கலையின் மறுபக்கத்தையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. சந்தையில் மாண்டவன் பதக்கம் பிழைத்தவன் பதக்கத்தினும் பலமடங்கு விலைபெறும். அதிலும் களத்திற் கொல்லப்பட்டவன், புண்ணால் இறந்தவன், நோயால் இறந்தவன் என வரிசைப்படுத்தி விலையிடுவர். கிறிமியாப் போரில் இறந்த ஏறத்தாழ 21,000 பிரித்தானியருள் முக்காற்பங்கிற்கு மேற்பட்டோர் நோயாலேயே இறந்தனர். கொள்ளைநோயாலும் குளிராலும் நலிந்து மருத்துவ நிலையத் தரையில் உயிர்விட்டவனுடைய துன்பம், வாளால் வெட்டுண்டு ஒரு கணத்தில் வீழ்ந்தவனுடைய துன்பத்தினும் குறைந்ததன்று. ஆயினும் பலக்ளாவாவில் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த இலகு குதிரைப்படையினர் ஏறத்தாழ 670 பேருள் வீழ்ந்த 110 அளவினரின் பதக்கங்களையே செல்வர் போட்டியிட்டு வாங்குவர்.

விலை உயரும் இடத்திற் போலியும் தோன்றும். போலி செய்வோர் கையாளும் முறைகளுள் மிகக் கொடியது பெயர் மாற்றமாகும். பிழைத்து வீடு திரும்பிய ஒருவனுடைய உண்மைப் பதக்கத்தை எடுத்து, விளிம்பிலுள்ள அவன் பெயரை அராவி நீக்கி, அவ்விடத்தில் இசாந்தில்வானாவிலோ பலக்ளாவாவிலோ மாண்ட ஒருவன் பெயரைப் பொறிப்பர். பதக்கம் உண்மையானது, வெள்ளி உண்மையானது, பெயருங்கூட இடாப்பிலுள்ள உண்மைப் பெயரே. ஆயினும் முழுவதும் பொய். வாங்கியோன் பணத்தை இழப்பது இதனால் விளையும் சிறு தீங்கு. ஒரு மனிதன் இவ்வுலகில் விட்டுச்சென்ற ஒரேயொரு பெயர்க்குறி அராவப்பட்டுத் தூளாய்ப்போவதே பெருந்தீங்கு.

இவ்வஞ்சனையைக் கண்டறியும் வழிகள் சில உள. அராவிய விளிம்பு தேய்ந்திருக்குமாதலின், நுண்ணளவுக் கருவியால் விட்டத்தைப் பல திசைகளில் அளந்து, ஐயமற்ற பிறிதொரு பதக்கத்தின் அளவோடு ஒப்பிடுதல் வேண்டும். உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கின் பழைய எழுத்துகளின் சுவடு சில வேளை புலப்படும். எழுத்தின் வடிவமும் சான்று பகரும். வாட்டர்லூப் பதக்கத்தில் எழுத்துகள் அச்சால் அழுத்தப்பட்டவை. 1879ஆம் ஆண்டையொட்டிய தென்னாபிரிக்க, ஆப்கானியப் பதக்கங்களிற் கையாற் செதுக்கப்பட்டவை. ஒன்றில் இருக்கவேண்டிய எழுத்து மற்றொன்றிற் காணப்படின் ஐயுறுதல் வேண்டும். கிறிமியாப் பதக்கத்தில் மட்டும் இவ்விதி எளிதிற் பொருந்தாது. அவற்றுட் பல பெயரின்றியே வழங்கப்பட்டமையால், சிலர் நாணயசாலைக்குத் திருப்பியனுப்பிப் பெயர் பொறித்தனர். சிலர் தத்தம் ஊர்ப் பொற்கொல்லரைக் கொண்டு பொறிப்பித்தனர். பட்டைகளை இணைக்கும் ஆணிகளையும் நோக்குதல் நன்று. பிற்காலத்திற் சேர்த்த பட்டை பெரும்பாலும் ஆணியினால் அறியப்படும். பதக்கத்தைப் பளபளக்கத் தேய்த்தல் ஒருபோதும் ஆகாது. தேய்க்குந்தோறும் விளிம்பின் எழுத்து மழுங்கும்.

‘பிற நாட்டைக் கைப்பற்றச் சென்றோரின் பதக்கங்களை நாம் ஏன் போற்றல் வேண்டும்?’ என ஒருவர் வினாவலாம். வினா தக்கதே. இப்போர்கள் பல பிறர் மண்ணைக் கவரும் பொருட்டு நிகழ்ந்தவை. இசாந்தில்வானாவில் தம் நாட்டைக் காக்க நின்று மாண்ட சூலு வீரர் ஆயிரவர் அளவினர். அவர்தம் பெயரை எந்த இடாப்பும் எழுதவில்லை. மைவாந்தில் மாண்ட படையினருட் பெரும்பான்மையோர் பம்பாய்ப் படையைச் சேர்ந்த இந்தியர். அவர்களுக்கும் பதக்கம் உரியதாயினும், அவர்தம் வாழ்க்கையைக் கூறும் பதிவுகள் பிரித்தானிய வீரருடையவற்றினும் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன. பிரித்தானிய வீரனோ எனின், அவனும் பெரும்பாலும் வறுமையாற் படையிற் சேர்ந்தவனே. 1830ஆம் ஆண்டளவில் அப்படையினருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அயர்லாந்தினர், அதாவது தாமே ஆங்கிலேயரால் ஆளப்பட்டோர். போரை வகுத்தோர் வேறு. அதில் மடிந்தோர் வேறு. பதக்கத்தின் முகப்பு முன்னையோரைப் பாடுகின்றது. விளிம்பு பின்னையோரை எண்ணுகின்றது. விளிம்பைப் படித்தல் பேரரசைப் போற்றுதல் ஆகாது. அதன் கணக்கைச் சரிபார்த்தலே ஆகும்.

இத்துறையில் ஆய்வுக்குத் துணைசெய்யும் நூல்களும் சங்கங்களும் உள. 1942ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விருதுகளையும் பதக்கங்களையும் ஆராயுஞ் சங்கமொன்று நிறுவப்பட்டது. மேஜர் கோர்டன் எழுதிய, பிரித்தானியப் போர்களையும் பதக்கங்களையும் பற்றிய கைந்நூல் 1947ஆம் ஆண்டில் முதன்முறை வெளியாயிற்று. இத்தகையோர் முயற்சியால், பொருளாசை மிக்கதோர் பொழுதுபோக்கு வரலாற்றுத் துறையின் ஒரு கிளையாக வளர்ந்துள்ளது. ஒரு பதக்கத்தைப் பெற்றவுடன் அதற்குரியவனைத் தேடி, இடாப்பையும் சம்பளப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, பிறந்த ஊர் முதல் இறந்த நாள் வரை அறிந்தவற்றை எழுதிவைத்து, அவ்வெழுத்தைப் பதக்கத்தோடு ஒருங்கே பேணுவோனே உண்மையான தொகுப்பாளன். அவன் கையிற் பதக்கம் ஆவணமாகின்றது. விலையொன்றையே நோக்கி வாங்கி விற்போன் கையில் அஃது எடை குறித்த வெள்ளியே. வெள்ளி விலை ஏறிய காலங்களிற் பதக்கங்கள் பல உருக்கப்பட்டமை இதற்குச் சான்று.

வரலாறு பயிலும் மாணவர்க்கு இதனாற் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. பொருளொன்றைக் கண்டவுடன் அதன் முகப்பு உரைப்பதனையே உண்மையெனக் கொள்ளலாகாது. எழுதப்பட்டிருப்பது யாது, எழுதாது விடப்பட்டது யாது, எழுதியதை அழித்தவர் உளரோ என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். கல்வெட்டாயினும் ஏட்டுச்சுவடியாயினும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளி வட்டமாயினும் இம்முறை ஒன்றே. அவ்வாறு ஆராய்வோன், அரசர்தம் வரலாற்றோடு, சம்பளக் கணக்கில் ஒரு வரியாய் முடிந்துபோன எளியோனின் வரலாற்றையும் அறியும் தகுதியைப் பெறுவான்.